பங்குனி பிறந்தால் மேட்டூரில் மீன் இரை எடுக்காதா?

மார்ச் 22, 2025 (ஓமலூர்க்காரர் ஒருவர் கேட்டது)

மாசி முதல் பாதியில் மேட்டூர் அணைக்கரைப் பண்ணவாடியில் நாலு மீனாவது கிடைத்தது. இப்போது மூன்று ஞாயிறாக ஒரு பொடிகூட இல்லை. வெயில் ஏறினால் மீன் இரை எடுக்காது, பங்குனி பிறந்தால் ஆடி வரைக்கும் தூண்டிலைச் சுருட்டிப் பரணில் போட வேண்டியதுதான் என்று தூண்டில் முள், நரம்பு விற்கிற கடைக்காரரே சொல்கிறார். ஆனால் போன வருஷம் இதே பங்குனியில் இதே இடத்தில் பை நிறையப் பிடித்தேன். எது சரி?

மார்ச் 23, காலை

சுருட்ட வேண்டாம். வியாபாரத்தைக் கெடுத்துக்கொண்டு இப்படிச் சொல்கிற கடைக்காரரை முதல் முறையாகக் கேள்விப்படுகிறேன், ஆனாலும் அவர் சொல்வது தப்பு.

உங்கள் கேள்வியிலேயே பாதி பதில் இருக்கிறது. போன வருஷம் பிடித்த 'இதே இடம்' இந்த வருஷம் இல்லவே இல்லை. 2024 பங்குனியில் அணை எழுபது அடிக்கும் கீழே கிடந்தது. முழுகிக் கிடந்த பழைய கோயில் நந்தி வெளியே வந்து வெயில் காய்ந்துகொண்டிருந்தார், முழுகிப்போன பழைய சர்ச் கோபுரத்துக்கு முன்னால் பையன்கள் செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தார்கள், பரிசல் ஏறுவதற்கே வெடித்த சேற்றில் நடந்து நடந்து கால் ஓய்ந்துபோனது. இந்த வருஷம் நூறைத் தாண்டி நிற்கிறது. நீங்கள் நின்ற இடத்துக்கு மேலே இப்போது நாற்பது அடிக்குக் குறையாமல் தண்ணீர்.

நிறைந்தால் 120 அடி, 93.47 டிஎம்சி, பரப்பு 150 சதுர கிலோமீட்டருக்கு மேல். அறுபது சொச்சத்தில் அது ஏரியே இல்லை, பழைய காவிரிப் பள்ளமும் பக்கத்தில் சில குட்டைகளும்தான். அத்தனை மீனும் அந்தப் பள்ளத்தில் நெருக்கியடித்து நிற்கும்போது யார் போட்டாலும் மாட்டும். அதைக் கைவரிசை என்று நினைத்துவிடக் கூடாது. கோபித்துக்கொள்ளாதீர்கள், நானும் அப்படித்தான் நினைத்தேன், வீட்டில் பெருமையடித்தது வேறு.

மற்றபடி கணக்கு எளிது. வெயில் ஏறினால் மீன் குளிர்ச்சி தேடி ஆழத்துக்குப் போகும். ஆழத்தில் போடுங்கள்.

மார்ச் 23, இரவு

கேட்க மறந்துவிட்டேன். எத்தனை மணிக்குப் போகிறீர்கள்?

மார்ச் 30

ஓமலூர்க்காரர் இன்னும் பதில் சொல்லவில்லை. பரவாயில்லை, இன்றைக்கு நானே போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.

யார் நான் என்று ஒருவர் கேட்டிருந்தார். மோட்டாருக்குக் காயில் கட்டுவது தொழில். மீன் பிடிப்பது ஞாயிற்றுக்கிழமை வியாதி. மனைவியின் தம்பி பண்ணவாடிப் பக்கம் உரிமம் எடுத்து வலை போடுகிறவர், அவர் பரிசலில்தான் போவேன். அவருக்கு அந்தத் தண்ணீர் வயல் மாதிரி. எனக்கு மீட்டர் வைத்துப் பார்த்தால்தான் எதுவும் நம்பிக்கை வரும், தொழில் அப்படி. அதனால் ஒரு தெர்மாமீட்டரை ஈயக் குண்டோடு நரம்பில் கட்டி இறக்கினேன். மத்தியானம் இரண்டு மணிக்கு மேல்தண்ணீர் 31 டிகிரி. நாற்பது அடியில் விட்டு எடுத்தேன், 30. ஒரே ஒரு டிகிரிதான் வித்தியாசம்! அப்படியானால் மீன் எதற்காக ஆழத்துக்குப் போக வேண்டும்? குழப்பத்தோடு ஆழத்திலேயே மூன்று மணி நேரம் தூண்டில் போட்டு உட்கார்ந்திருந்தேன். மண்புழு போட்டேன், மைதா உருண்டை போட்டேன். தக்கை அசையவே இல்லை.

மச்சான் பார்த்துவிட்டுச் சொன்னது: "ஏனுங்க மாமா, தண்ணிக்குக் காய்ச்சலுங்களா?"

மார்ச் 31

நேற்று எழுதியதில் தெர்மாமீட்டர் கணக்கு குப்பை. ராத்திரி படுத்திருக்கும்போதுதான் உறைத்தது. நாற்பது அடியிலிருந்து மேலே இழுத்து வரும்போது சூடான மேல்தண்ணீர் வழியாகத்தானே வருகிறது, கையில் எடுத்துப் படிப்பதற்குள் பாதரசம் ஏறிவிடும். காயில் சூடு பார்க்கும்போது இந்தத் தப்பைப் பையன்கள் செய்தால் திட்டுகிறவன் நான்.

சரியான வழி இதுதான்: ஒரு கண்ணாடிப் பாட்டிலுக்கு அடியில் கல் கட்டி, வாயைத் தக்கையால் அடைத்து, தக்கைக்குத் தனியாக ஒரு நூல் கட்டி இறக்க வேண்டும். வேண்டிய ஆழம் போனதும் நூலைச் சுண்டினால் தக்கை கழன்று அந்த ஆழத்துத் தண்ணீர் உள்ளே நிறையும். மேலே கொண்டுவந்த உடனே தெர்மாமீட்டரை உள்ளே விட வேண்டும். அடுத்த ஞாயிறு செய்து பார்க்கிறேன்.

ஏப்ரல் 2

இரை பற்றி மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள். மண்புழுவை மட்டும் நம்பிப் போகிறவர்கள்தான் இங்கே அதிகம். மீனின் வாயைப் பாருங்கள், அது எங்கே மேய்கிறது என்று தெரியும். கட்லாவுக்கு வாய் மேல்பார்த்தது, மேல்தண்ணீரில் கண்ணுக்குத் தெரியாத பூச்சிகளை அள்ளித் தின்கிற ஜாதி, புழுவைத் திரும்பிக்கூடப் பார்க்காது. கடலைப் புண்ணாக்கைப் பொடித்துத் தவிட்டோடு பிசைந்து, தண்ணீரில் மெல்லக் கரைந்து புகைகிற மாதிரி உருண்டை பிடித்தால் வரும். மிருகாலுக்கு வாய் கீழே, தரையைக் கிளறுகிறது. ரோகு இரண்டுக்கும் நடுவே. மூன்றும் காவிரிக்கு வெளியூர்க்காரர்கள்தான், வடக்கேயிருந்து கொண்டுவந்து விட்டவை. இன்றைக்கு அணையே அவர்களுடையது.

மிருகாலுக்கு நான் போடுவது ராகிக் களி. ராத்திரி மிஞ்சிய களியை உருட்டி முள்ளில் குத்தினால் தண்ணீரில் சீக்கிரம் கரையாது. களி பிசையும்போது வெல்லம் சேர்க்கலாமா என்று கேட்ட தம்பி, சேர்க்கலாம், ஆனால் பாதியை நீங்களே தின்றுவிடுவீர்கள்.

ஏப்ரல் 6

பாட்டில் வேலை செய்தது. இரண்டு தடவை நூல் அறுந்து இரண்டு பாட்டில் காவிரித் தாய்க்குக் காணிக்கையாகப் போயின, மூன்றாவது சரியாக வந்தது. மத்தியானம் ஒன்றரை மணிக்கு மேல்தண்ணீர் 31, பதினைந்து அடியில் 29, நாற்பது அடியில் 27. ஆக, அடியில் குளிர்ச்சி இருக்கத்தான் இருக்கிறது. நான் 23ஆம் தேதி சொன்னது சரிதான் என்று மச்சானிடம் சொன்னேன். அவர் ஒன்றும் பேசவில்லை, நாற்பது அடிப் பாட்டிலை வாங்கி மூக்குக்கு நேரே நீட்டினார். அழுகின முட்டை நாற்றம்.

அப்புறம் வலையைக் காட்டினார். முந்தின நாள் சாயங்காலம் மூன்று வலை விட்டிருந்தார், மூன்றும் ஒரே ரகம்தான். ஒன்று மேலே மிதக்க, ஒன்று பதினைந்து இருபது அடியில் தொங்க, ஒன்றைக் கல் கட்டித் தரைக்கு இறக்கியிருந்தார். தரை வலையில் கரும்பிசினாகச் சேறு, இரண்டு கெளுத்தி, அவ்வளவுதான். மேல் வலையில் ஒரு கட்லாவும் கொஞ்சம் ஜிலேபியும். நடு வலையில் ரோகு ஏழு, அரஞ்சான் என்கிற முள் மீன் எண்ணவில்லை, ஒரு கூடைக்குக் குறையாது.

"குளுகுளுன்னு இருக்குதுன்னு மூச்சு முட்டற பாழுங்கெணத்துல போயி யாராச்சும் படுப்பாங்களா மாமா?"

இந்த ஒரு வரியில் நான் முதலில் எழுதிய 'ஆழத்தில் போடுங்கள்' அடிபட்டுப்போகிறது. யோசித்துப் பார்த்தால் இப்படித்தான் இருக்க வேண்டும். தண்ணீருக்குள் மூச்சுக்காற்று வருவது காற்று தொடுகிற மேல்பரப்பிலிருந்தும் வெளிச்சம் படுகிற பாசியிலிருந்தும்தான். காற்றில்லாத வெயில் நாட்களில் சூடான மேல்தண்ணீர் லேசாகி மேலேயே மிதக்கிறது, கீழ்த்தண்ணீரோடு கலப்பதில்லை. கீழே என்ன நடக்கிறது? போன வருஷம் அணை இறங்கினபோது வண்டல் தரையில் சோளம் விதைத்தார்கள், கருவேலம் முளைத்தது, புல் மண்டியது. ஜூலைக் கடைசியில் வெள்ளம் வந்து அத்தனையையும் முழுகடித்தது. அந்தத் தட்டையும் செத்தையும் அங்கேயே கிடந்து அழுகுகின்றன. அழுகுவதற்கும் மூச்சுக்காற்று வேண்டும், இருப்பதை அது தின்றுவிடுகிறது. தண்ணீர் சூடாக ஆகப் பிடித்து வைத்திருக்கிற காற்றும் குறையும்: 20 டிகிரியில் லிட்டருக்கு 9 மில்லிகிராம் தாங்கும் தண்ணீர் 30 டிகிரியில் ஏழரைதான் தாங்கும். மேலே சூடு, கீழே மூச்சில்லை, மீன் நடுவில் நிற்கிறது.

பழைய குறிப்பை அழிக்கவில்லை. என் மண்டையில் குட்டிக்கொள்ள வசதியாக அங்கேயே இருக்கட்டும்.

ஏப்ரல் 7

'அப்படியானால் விடிகாலை மீன் மேலே வந்து வாய் பிளந்து நிற்கும்போது பிடிக்கலாமே' என்று ஒருவர் எழுதியிருக்கிறார். நானும் ஒரு காலத்தில் அதை நல்ல சகுனம் என்று நினைத்திருந்தேன். சில வருஷத்துக்கு முன்னால் சேத்துக்குளிப் பக்கம் தண்ணீர் பச்சைப் பெயின்ட் கொட்டின மாதிரி இருந்த சமயம், நாற்றத்தில் கரையோர வீடுகளில் கதவு சாத்தி வைத்திருந்தார்கள். விடிய ஒரு மணி நேரம் இருக்கும், மேல்தண்ணீர் முழுக்க வாயாக இருந்தது. கை நடுங்க நடுங்க இரை போட்டேன். முகத்துக்கு நேரே போட்டேன். ஒன்றுகூடத் தொடவில்லை. மூச்சுத் திணறுகிறவனிடம் போய் இலை போடட்டுமா என்று கேட்டால் என்ன சொல்வான்? பாசி பகலில் காற்றை விடும், ராத்திரி அதுவே மூச்சு வாங்கும், அதனால் விடியலுக்கு முன்னால்தான் தண்ணீரில் காற்று மிகக் குறைவு. அன்றைக்கு எட்டு மணிக்கு மேல் மீன்கள் தானாகக் கீழே போயின. சில போகவில்லை, வயிறு மேலாக மிதந்தன.

இதைச் சொல்வதற்கு இன்னொரு காரணம், நான் 'விடிகாலை போங்கள்' என்று நேரில் பலரிடம் சொல்லியிருக்கிறேன். தெளிந்த தண்ணீரில் அது சரி. பச்சை மண்டிய மடுவில் விடிகாலைதான் மோசம், அங்கே சாயங்காலம் போங்கள்.

ஏப்ரல் 13

நேற்று ராத்திரி பௌர்ணமி. வலையில் ஒன்றுமில்லை. நிலா வெளிச்சத்தில் மீன் கண்ணியைப் பார்த்து ஒதுங்கிவிடும் என்பது மச்சானின் சித்தாந்தம், அதனால் முந்தாநாள் பங்குனி உத்திரத்துக்கே வலையைக் காயப்போட்டுவிட்டுக் கோயிலுக்குப் போய்விட்டார். நேற்று நான்தான் பிடிவாதமாகப் போடச் சொன்னேன்.

தூண்டிலுக்கு அந்தக் கணக்கு இல்லை. இன்று காலை ஐந்தே காலிலிருந்து ஏழு வரை ஐந்து மிருகால், எல்லாம் கரையோரமாக ஆறு ஏழு அடித் தண்ணீரில். தரையில் மேய்கிற மீன், தரை கெட்டால் எங்கே போகும்? தரையை விடாது, தரையோடு மேடேறி வரும். பகலில் வெயிலுக்கு ஒதுங்கிக் கொஞ்சம் உள்ளே நின்றுகொண்டு, மங்கலில் கரைக்கு மேய வருகிறது. ஏழரைக்கு மேல் சொல்லி வைத்த மாதிரி நின்றுபோனது.

காற்றைப் பற்றி. முந்தின நாள் சாயங்காலம் காற்று எந்தக் கரையைப் பார்த்து அடித்ததோ அந்தக் கரையில் போடுங்கள். அலை மோதித் தரை கிளறும், பூச்சியெல்லாம் அங்கே ஒதுங்கும், காற்றும் தண்ணீரில் கலக்கும். ஆனால் பாசியும் அங்கேதான் ஒதுங்கும்! மச்சான் வைத்திருக்கிற அளவுகோல்: கரையில் நுரை வெள்ளையாக இருந்தால் நில், பச்சையாக இருந்தால் நட. இன்று நாகமரைக் கரையில் வெள்ளை.

ஏப்ரல் 14

சித்திரை ஒன்று. பங்குனி முடிந்துவிட்டது, கடைக்காரரிடம் சொல்லிவிடுங்கள்.

ஏப்ரல் 16

நடு மத்தியானத்தில் எதுவுமே கிடைக்காதா என்று கேட்டால், கிடைக்கும், ஜிலேபி. கரையோரம் முழங்கால் ஆழத்தில் தாம்பாளம் அளவுக்கு வட்டம் வட்டமாகக் குழி தெரிகிறதா? ஆண் ஜிலேபி தோண்டினது. குழிக்குள் எது விழுந்தாலும் பசிக்காக இல்லை, கோபத்துக்காகக் கவ்வித் தூக்கிப்போடும். பெண் ஜிலேபி மாட்டுவது குறைவு, ஏனென்றால் முட்டையையும் குஞ்சையும் வாயில் வைத்திருக்கும் நாட்களில் அது ஒன்றும் தின்பதில்லை. ஆப்பிரிக்காவிலிருந்து கிளம்பிய ஜாதி, 1952இல் நம் நாட்டுக்குள் வந்தது, எந்தச் சூட்டையும் எந்தச் சாக்கடையையும் தாங்கும். சிலருக்குப் பிடிக்காது. எண்ணெயில் முறுகலாகப் பொரித்தால் எனக்கு அதைப் போல் ஒரு மீன் இல்லை. வீட்டில் இதை ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

குழி மீனைப் பிடித்தால் இனம் என்னாகும் என்று கேட்ட தம்பிக்கு: ஜிலேபியை நினைத்துக் கவலைப்பட வேண்டாம், அது நம்மை நினைத்துக் கவலைப்படுகிற நிலையில் இருக்கிறது.

ஏப்ரல் 21

இதைக் கொஞ்சம் கவனமாகப் படியுங்கள். நேற்று சாயங்காலம் நாலரை மணிக்கு நடுத்தண்ணீரில் இருந்தோம். காற்றே இல்லை, பரிசல் அம்மி மாதிரி நின்றது. மேற்கே மலைக்குப் பின்னால் கறுத்துக்கொண்டிருந்தது, நான் தூரத்தில்தானே என்றேன். திடீரென்று குளுகுளுவென்று ஒரு காற்று முகத்தில் அடித்தது. மச்சான் வலையை எடுக்கவில்லை, மிதவையோடு அப்படியே போட்டுவிட்டுத் துடுப்பை எடுத்தார். கரைக்கு நூறு கஜம் இருக்கும்போது அலை உள்ளே ஏறத் தொடங்கியது. பரிசலுக்கு மூக்கும் கிடையாது முதுகும் கிடையாது, காற்று சுழற்றினால் சுழலும். நான் சோற்றுத் தூக்கைக் கவிழ்த்துவிட்டுத் தண்ணீர் மொண்டு கொட்டினேன். லைஃப் ஜாக்கெட் வீட்டுத் திண்ணையில் இருந்தது. கரை ஏறினபின் அவர் என்னைத் திட்டவில்லை, அதுதான் அதிகம் உறைத்தது. கோடை இடி மழை தூரத்தில் தெரிகிறது என்றால் தூரத்தில் இல்லை. குளிர்ந்த காற்று வந்துவிட்டால் மழைக்குக் காத்திருக்காதீர்கள்.

இன்று காலை வலையைத் தேடிப் போனோம். அரை மைல் தள்ளி ஒரு முள்மரத்தில் சிக்கிக் கிடந்தது, நிறைய மீனோடு. கரையில் தூண்டில் போட்டவர்களுக்கும் பத்து மணி வரை மீன் எடுத்தது. காற்று தண்ணீரைக் கலக்கிவிட்டது, ஓடைகளில் கொஞ்சம் கலங்கலும் பூச்சியும் வந்திருக்கிறது. இந்த மாதிரி மழைக்குப் பின்னால் ஒன்றிரண்டு நாள் என் கணக்கு எதுவும் செல்லாது, எங்கே போட்டாலும் கிடைக்கும். ஒரே ஒரு மூடின மடுவில் மட்டும் பொடி மீன் செத்து ஒதுங்கியிருந்தது, அடித்தண்ணீர் மேலே புரண்டிருக்கும் என்று நினைக்கிறேன்.

ஏப்ரல் 22

ஆமாம், லைஃப் ஜாக்கெட். ஆறு பேர் எழுதிவிட்டீர்கள். பரிசலிலேயே கட்டிப்போட்டாயிற்று.

ஏப்ரல் 27

ஓமலூர்க்காரர் ஒரு மாதத்துக்குப் பிறகு பதில் சொல்லியிருக்கிறார். எத்தனை மணிக்குப் போகிறீர்கள் என்று கேட்டிருந்தேன் அல்லவா? ஒன்பதரை பஸ்ஸில் வந்து இறங்குகிறாராம். கரைக்கு நடந்து, நிழல் தேடி, இரை கோத்து, நரம்பு வீசப் பத்தரை. மூன்று மணி பஸ்ஸில் திரும்பிவிடுகிறார். மாசியிலும் அதே பஸ்தான்.

நான் பாட்டில் இறக்கி, தெர்மாமீட்டர் விட்டு, மூன்று வலை போட்டுக் கண்டுபிடித்தது எல்லாம் இந்த ஒன்பதரை பஸ்ஸுக்குள் இருந்திருக்கிறது. மாசியில் பதினோரு மணிக்கும் கரைத்தண்ணீர் மீனுக்கு இதமாக இருக்கும். பங்குனியில் மீன் ஏழரைக்கே உள்ளே போய்விடுகிறது, அவர் வருவது அது போய் மூன்று மணி நேரம் கழித்து. போன வருஷமோ பள்ளத்துக்குள் எங்கேயும் ஒதுங்க இடமில்லாமல் நாள் பூராவும் கைக்கு எட்டுகிற தூரத்திலேயே நின்றது. கடைக்காரரும் அநேகமாக அதே பஸ்ஸில் போகிறவராக இருப்பார்.

சனிக்கிழமை சாயங்காலமே வந்துவிடுங்கள் என்று எழுதியிருக்கிறேன். மச்சான் வீட்டுத் திண்ணையில் படுத்துக்கொள்ளலாம்.

மே 5

வந்தார். ஆறு மணிக்கு மேல் சாயங்கால மங்கலில் இரண்டு அரஞ்சான் எடுத்தார், அதற்கே முகம் மாறிவிட்டது. ராத்திரிச் சாப்பாட்டில் அந்த மீனின் முள்ளோடு அரை மணி நேரம் போராடினார். காலை நாலே முக்காலுக்கு எழுப்பினேன். ஐந்தரைக்குத் தக்கை முழுகியது, இழுத்தது கெளுத்தி, கழற்றும்போது பக்கமுள் கட்டைவிரலில் ஏறிவிட்டது. பொறுக்கிற சூட்டில் வெந்நீர் வைத்துக் கையை முக்கச் சொன்னோம், வலி இறங்க முக்கால் மணி நேரம் ஆனது. அந்த முக்கால் மணி நேரமும் பக்கத்தில் நான் மிருகால் பிடித்துக்கொண்டிருந்ததை அவர் மறக்க மாட்டார் என்று நினைக்கிறேன். ஆனால் ஆறரைக்கு இடது கையாலேயே களி உருண்டை வீசி ஒன்று எடுத்தார், தராசில் ஒன்றே கால் கிலோ. அதற்குப் பிறகு இன்னொன்று.

ஏழே முக்காலுக்கு எல்லாம் நின்றுபோனது. இன்னும் கொஞ்ச நேரம் பார்க்கலாமே என்றார், மச்சான் சிரித்தார். திண்ணையில் உட்கார்ந்து காபி குடித்துவிட்டு, ஈரச் சாக்கில் மீனைச் சுற்றிக்கொண்டு, ஒன்பதரைக்கு வந்து நின்ற பஸ்ஸிலேயே ஏறி ஊருக்குப் போனார். அதிலிருந்து தூண்டிலோடு நாலு பேர் இறங்கினார்கள்.